ரீக்கின் மூத்த மகன்

கணினி விளையாட்டை ஒரு வரலாற்றுப் பிரதியாக வாசிக்கலாமா என்று கேட்டால், வாசித்துத்தான் ஆகணும் என்பது என் கட்சி. பாடநூலில் செலவிடும் நேரத்தைவிட அதிக நேரம் நம் பிள்ளைகள் கடந்த காலத்தோடு பழகுவது அங்கேதான். இங்கே நான் எடுத்துக்கொள்வது 'நார்த்கார்ட்'. பிரான்சின் போர்தோ நகரத்து ஷிரோ கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2018 மார்ச்சில் முழு வடிவில் வெளியிட்டது. அக்கா மகன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அவன் தூங்கப் போன பிறகு நானே விளையாடித் தொலைத்த இரவுகளும் உண்டு. ஆகவே மேட்டில் நின்று தீர்ப்புச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஆட்டம் இதுதான். ஒரு வைக்கிங் குலம் புதிய கரையில் இறங்குகிறது. கலைமான், ஆடு, ஓநாய், காகம், கரடி, காட்டுப்பன்றி என்று குலங்கள். ஆட்டுக் குலத்துக்குப் பின்னால் ஹெய்த்ரூன், ஓநாய்க் குலத்துக்குப் பின்னால் ஃபென்ரிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நார்ஸ் புராண விலங்கு. நிலம் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஓநாய்களையும் நடமாடும் பிணங்களையும் விரட்டிவிட்டு, உணவைச் செலவழித்து அதைச் சொந்தமாக்க வேண்டும். குளிர்காலம் வந்தால் சோறும் விறகும் கரையும். வீடு கட்டி, ஜனங்களைச் சந்தோஷமாக வைத்திருந்தால் ஒரு புது ஆள் தானாக வந்து நிற்பான். மரவெட்டிக் குடிலுக்கு அனுப்பினால் மரவெட்டி, பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பினால் வீரன். திருப்பிக் கூப்பிட்டால் பழையபடி வெறும் ஆள்.

ஒருநாள் பையன் கேட்டான்: "மாமா, இந்த ஆளுங்கல்லாம் எங்கேருந்து வர்றாங்க?" எனக்குப் பதில் தெரியல.

பதில் அந்த ஆட்டத்தின் கதாநாயகன் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. தந்தையான பேரரசன் கொல்லப்பட, களவுபோன அரசக் கொம்பை மீட்கப் புறப்படும் மகனின் பெயர் ரீக். 'ரீக்ஸ்துலா' என்றொரு பழைய நார்ஸ் கவிதை இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில், முடிவு சிதைந்த நிலையில் கிடைத்தது. எழுதப்பட்ட காலம் 10ஆம் நூற்றாண்டா, 13ஆம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதில் ரீக் ஒரு கடவுள். ஹெய்ம்தால்தான் இந்தப் பெயரில் உலவினான் என்கிறது அதன் உரைநடை முன்னுரை.

ரீக் மூன்று வீடுகளுக்குப் போகிறான். முதல் வீட்டில் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும். இரண்டாவதில் தாத்தாவும் பாட்டியும் (அந்த மொழியில் பாட்டிக்கு 'அம்மா' என்று பெயர்). மூன்றாவதில் அப்பனும் ஆத்தாளும். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று இரவு தங்குகிறான், தம்பதிக்கு நடுவில் படுக்கிறான். ஒன்பது மாதம் கழித்துப் பிள்ளை பிறக்கிறது. முதல் வீட்டில் பிறந்தவன் த்ரேல், அதாவது அடிமை. கறுத்த தோல், சுருங்கிய கை, தடித்த விரல், கூனிய முதுகு. இரண்டாம் வீட்டில் கார்ல், சிவந்த நிறத்துக் குடியானவன். கலப்பை செய்வான், காளையைப் பழக்குவான். மூன்றாம் வீட்டில் யார்ல், வெளுத்த பிரபு. குதிரையும் வாளும் அவனுக்கு. பிறகு ரீக் திரும்பி வந்து, யார்லை மட்டும் தன் மகன் என்று ஏற்று, எழுத்தைக் கற்றுக்கொடுத்து, தன் பெயரையும் கொடுக்கிறான். மூத்த மகன் வீட்டுப் பக்கம் அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

த்ரேலின் பிள்ளைகள் பெயரைப் பாருங்கள்: மாட்டுக்கொட்டில்காரன், முரடன், கூனன், கெண்டைக்கால் தடிச்சி, கந்தல்காரி. அவர்கள் வேலி போட்டார்கள், வயலுக்கு எரு போட்டார்கள், பன்றி மேய்த்தார்கள், எரிக்கக் கரிமண் வெட்டினார்கள். இந்தக் கவிதையின் மூன்று நிறங்களை வருணத்தோடு ஒப்பிட்டு, பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமேசில் 1958இல் எழுதினார். இந்தோ-ஐரோப்பிய மூல அமைப்பு என்ற அவருடைய பெரிய கோட்டையை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் சூத்திரனின் பெயர் இழிவு தோன்ற இருக்க வேண்டும் என்று மனு இரண்டாம் அத்தியாயத்தில் சொல்வதையும் இந்தப் பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படித்தவனுக்குக் கோட்டை தேவையில்லை. எனக்கு என் தாத்தாவின் பெயர் ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஆக, ஆட்டம் ரீக்கை எடுத்துக்கொண்டு மூத்த மகனை விட்டுவிட்டது. வேலி போட்டவன், எரு போட்டவன் வேலையெல்லாம் திரையில் நடக்கிறது; செய்கிறவன் மட்டும் சந்தோஷத்திலிருந்து முளைத்தவன்.

கவிதையை விடுங்கள், ஐஸ்லாந்துக் குடியேற்றத்துக்கு வருவோம். அந்த நாட்டின் 'லாண்ட்னாமபோக்', அதாவது நிலம் கொண்ட கதை, 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட வடிவத்தில் கிடைக்கிறது. மரபுக் கணக்குப்படி 874இல் குடியேறிய இங்கோல்ஃபும் அவனுடைய உறவுச் சகோதரன் ஹ்யோர்லெய்ஃபும் அதன் முதல் நாயகர்கள். ஹ்யோர்லெய்ஃப் அயர்லாந்தில் கொள்ளையிட்டுப் பிடித்த பத்து அடிமைகளோடு வந்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு காளை. வசந்தம் வந்ததும் அடிமைகளை ஏரில் பூட்டினான். துஃப்தாக் என்ற அடிமையின் யோசனைப்படி அவர்கள் காளையைக் கொன்று, கரடி அடித்துவிட்டதென்று சொன்னார்கள். இல்லாத கரடியைத் தேடி எஜமானர்கள் காட்டில் பிரிந்தபோது ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டி, பெண்களோடு படகில் ஏறித் தென்மேற்கே தெரிந்த தீவுகளுக்குப் போனார்கள். இங்கோல்ஃப் துரத்திப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை வெட்டினான். மிச்சப்பேர் பாறையிலிருந்து குதித்துச் செத்தார்கள். அந்தத் தீவுகளுக்கு இன்றும் வெஸ்ட்மன்னாய்யர் என்றுதான் பெயர்: மேற்கத்தியர் தீவுகள். மேற்கத்தியர் என்றால் ஐரிஷ்காரர்கள்.

ரெய்க்யாவிக்கைக் கண்டடைந்த கதையும் அப்படித்தான். இங்கோல்ஃப் கடலில் எறிந்த ஆசனத் தூண்களைத் தேடிக் கரையெல்லாம் அலைந்தவர்கள் அவனுடைய இரண்டு அடிமைகள், வீஃபில், கார்லி. தூண் கிடைத்த மொட்டை முனையைப் பார்த்து, நல்ல நிலத்தையெல்லாம் தாண்டி வந்து இங்கேயா குடியிருப்பது என்று கார்லி சலித்துக்கொண்டான். அப்புறம் ஒரு அடிமைப் பெண்ணோடு ஓடிப்போனான். தலைநகரத்தைப் பற்றிய முதல் விமரிசனம் அடிமையுடையது! 2000ஐ ஒட்டி வந்த மரபணு ஆய்வுகள் காட்டுவதும் இதைத்தான். ஐஸ்லாந்தியரின் தந்தைவழியில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஸ்காண்டிநேவியா. தாய்வழியில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் தீவுகள். அந்தப் பெண்கள் எல்லாரும் விலங்கு பூட்டி வந்தவர்கள் அல்ல. ஆனால் எல்லாரும் விரும்பி வந்தவர்களும் அல்ல.

'விளையாட்டுல போயி அடிமைச் சந்தை வைக்கணும்ங்கிறீங்களா' என்று நண்பர்கள் கேட்டார்கள். வேண்டாம், அதை ஏற்கனவே வைத்துவிட்டார்கள். 2019இல் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் குலமாக நித்ஹோக்கின் டிராகன் குலம் வந்தது. அடிமைகளும் நரபலியும் அதன் சிறப்பு அம்சம். எனக்கு உறுத்துவது இங்கேதான். எல்லாக் குலத்துக்கும் அஸ்திவாரமாக இருந்தது ஒரு கொடூரக் குலத்தின் தனி வினோதமாகிவிட்டது. மற்றக் குலங்கள் கை கழுவிக்கொண்டன.

மரவெட்டி வீரனாகி, வீரன் திரும்பவும் உழவனாகிற அந்தத் திரை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறப்பு ஒட்டாத உழைப்பு நாம் கேட்கிற ஒன்றுதான். ஆனால் இனி அடைய வேண்டியதை ஏற்கனவே இருந்ததாகக் காட்டும்போது, அதற்காக ஏரை உதறியவர்களின் தடம் அழிந்துபோகிறது.

இன்னொன்று. 'கிளான்' என்ற ஆங்கிலச் சொல் கேலிக் மொழியின் 'கிளன்', பிள்ளைகள், என்பதிலிருந்து வந்தது. தந்தைவழி, தாய்வழி இரண்டிலும் உறவெண்ணிய ஐஸ்லாந்தியரிடம் விலங்குக் கொடி பிடித்த குலம் எதுவும் இல்லை. ரீக் என்ற பெயரும், அரசன் என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. குலத்துக்கும் நாயகனுக்கும் பெயர் வந்தது அடிமைகளின் மொழியிலிருந்து.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். வரைபடத்தைத் திறந்து வெஸ்ட்மன்னாய்யரைத் தேடிக் கண்டுபிடித்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "அந்தப் பத்துப் பேரா வெளையாட முடியாதா மாமா?" என்றான். அப்புறம் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டான். குளிர்காலம் வந்துகொண்டிருந்தது, விறகு போதாது.