உப்புகளின் வரிசை

ஒரு பட்டியலை வைத்து நூறாண்டுக்கு மேல் வழக்காடியிருக்கிறார்கள் என்றால் இலக்கணக்காரர்களுக்கு வியப்பிராது. இது உப்புகளின் பட்டியல்.

1888இல் பிராக் நகர ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர். கோழிமுட்டை வெண்கருவின் குளோபுலின் புரதத்தைக் கரைசலிலிருந்து வீழ்படியச் செய்ய ஒவ்வோர் உப்பும் எவ்வளவு செறிவில் தேவைப்படுகிறது என்று அவர் அளந்தார். சல்பேட் முன்னே நின்றது. பாஸ்பேட், அசிட்டேட், குளோரைடு, நைட்ரேட் பின்தொடர்ந்தன. நீரைத் தம்பால் ஈர்க்கும் ஆற்றல் மிக்க உப்புகள் புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியேற்றுகின்றன என்பது அவரது விளக்கம்.

குளோபுலினின் இயல்பே விந்தையானது. தூய நீரில் அது கரைவதில்லை. எதிரெதிர் மின்னேற்றங்களால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிறிது உப்பிட்டால் அயனிகள் அவ்வேற்றங்களைச் சூழ்ந்து மறைக்க, பிணைப்புத் தளர்ந்து புரதம் கரைகிறது. மேலும் மேலும் உப்பிட்டால் மீண்டும் திரண்டு படிகிறது. கரைப்பதும் பிரிப்பதும் ஒரே உப்புதான்! முதற்பாதியை விளங்கிக்கொள்ள 1923இல் டெபையும் ஹூக்கலும் தந்த மின்திரைக் கோட்பாடு உதவியது. அக்கோட்பாட்டுக்கு அயனியின் மின்னேற்ற அளவே போதும். குளோரைடும் நைட்ரேட்டும் ஒரே ஏற்றம் கொண்டவையாயினும் வெவ்வேறாக நடந்துகொள்வது ஏன் என்பதற்கு அதில் விடையில்லை.

இதற்கிடையே நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் லோப், அந்த வரிசையே பிழையின் விளைவு என்றார். அமிலத்தன்மையை அளந்து சமப்படுத்தாமல் உப்புகளை ஒப்பிட்டது தவறு என்பது அவர் வாதம். பிஎச் அளவுகோலை சோரென்சன் வகுத்ததோ 1909இல்தான். 1888இல் செய்த சோதனையிடம் இதைக் கேட்பது கடுமை என்றே எனக்குப் படுகிறது. பிஎச்சைச் சமப்படுத்திய பிறகும் வரிசை மறையவில்லை.

நீரின் அமைப்பையே அயனிகள் கட்டவோ குலைக்கவோ செய்கின்றன என்ற விளக்கம் நெடுங்காலம் பாடநூல்களில் நிலைத்திருந்தது. அயனியை ஒட்டிய முதல் நீரடுக்குக்கு அப்பால் அத்தகைய மாற்றம் தென்படவில்லை என்று 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். அதன்பின் கவனம் புரதப் பரப்பை அயனிகள் நேரடியாகத் தொடும் விதத்தின் பக்கம் திரும்பியது.

லோப் முற்றிலும் தோற்றார் என்றும் சொல்வதற்கில்லை. அதே வெண்கருவிலுள்ள லைசோசைம் என்னும் புரதம் அமிலக் கரைசலில் நேர்மின்னேற்றம் பெற்றிருக்கும்போது, ஹோஃப்மைஸ்டரின் வரிசை தலைகீழாகிறது. அங்கே குளோரைடைவிட நைட்ரேட்டும், அதைவிடத் தயோசயனேட்டும் குறைந்த செறிவிலேயே புரதத்தைப் பிரித்துவிடுகின்றன.