அளவுகோலையும் அளக்க வேண்டும்

சீனி வருத்தம் உள்ள வீடுகளில் இன்று இரத்தச் சீனி பார்க்கும் கருவி சாதாரணமாகிவிட்டது. சில கருவிகளோடு ஒரு சிறு போத்தலும் வரும். நம்மில் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அதற்குள் இருப்பது மருந்தல்ல, கட்டுப்பாட்டுத் திரவம். அதில் குளுக்கோஸ் எவ்வளவு என்பது தயாரித்தவருக்கு முன்பே தெரியும். நம் விரலில் இருந்து எடுக்கும் இரத்தமோ மாதிரி. அதில் எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கருவியே.

தெரிந்ததைக் கொண்டு கருவியைச் சோதிப்பது, பின்னர் தெரியாததை அளப்பது. இந்த ஒழுங்கு மருத்துவ ஆய்வுகூடங்களுக்கு மெதுவாகத்தான் வந்தது.

1924இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை செய்த வோல்டர் ஷுவார்ட், உற்பத்திப் பொருட்களின் தரத்தைக் கண்காணிக்கக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். மருத்துவம் அதைக் கவனிக்கவில்லை. 1947இல் பெல்க், சண்டர்மன் என்ற இரு வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பென்சில்வேனியா மாநில வைத்தியசாலை ஆய்வுகூடங்களுக்கு ஒரே திரவங்களை அனுப்பிப் பார்த்திருந்தார்கள். வந்த விடைகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். திரவம் ஒன்று, விடை பல என்றால் நோயாளி எதை நம்புவது?

1950இல் லெவி, ஜெனிங்ஸ் இருவரும் ஷுவார்ட்டின் வரைபடத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1952இல் ஹென்றி, செகலோவ் ஆகியோர், கெடாமல் வைத்த ஒரே திரவத்தை மீண்டும் மீண்டும் சோதித்து வரைபடத்தில் குறிக்கும் முறையைக் காட்டினார்கள்.

1970இல் ஏம்ஸ் நிறுவனத்தின் கருவி, பட்டையில் மாறும் நிறத்தை ஒளியால் அளந்து இரத்தச் சீனியைக் காட்டியது. 1987இல் மின்னோட்டத்தால் அளக்கும் எக்ஸாக்டெக் சந்தைக்கு வந்தது. கருவி வீட்டுக்குள் வந்தது, வாசிப்புகளைச் சேமிக்கும் நினைவகமும் வந்தது. அதோடு புதிய சிக்கலும் வந்தது. கட்டுப்பாட்டுத் திரவத்தின் வாசிப்பும் நோயாளியின் கணக்கில் ஏறியது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் மூன்று வாசிப்புகளும் 240. கட்டுப்பாட்டுத் திரவம் காட்டியது 120. நான்கையும் சேர்த்தால் சராசரி 210. நோயாளியின் உடம்பில் எதுவும் குறையவில்லை, புத்தகத்தில் மட்டும் 30 குறைந்துவிட்டது. நோன்பு காலத்தில் மருந்தின் அளவை மாற்ற வைத்தியர் பார்ப்பது இந்த எண்களைத்தான்.

ஆரம்பத்தில் இதற்குத் தீர்வு, பாவிப்பவரே பொத்தானை அழுத்தி "இது கட்டுப்பாடு" என்று குறிப்பது. மறந்தால் அவ்வளவுதான். பின்னர் கருவியே இனங்காணும் வழிகள் வந்தன. இரத்தத்தில் செங்குழியங்களும் யூரிக் அமிலம் போன்ற பொருட்களும் உண்டு. கட்டுப்பாட்டுத் திரவத்தில் செங்குழியம் இல்லை. ஆகவே பட்டையில் மின்னோட்டம் எழுந்து தணியும் விதம் இரண்டிலும் வேறுபடும். சில கருவிகள் இரு வேறு கணங்களில் மின்னோட்டத்தை அளந்து, அவற்றின் விகிதத்தைப் பார்த்தே பட்டையில் விழுந்தது எது என்று தீர்மானிக்கின்றன.

எல்லாக் கருவிக்கும் இந்த வசதி இல்லை. ஆகவே நாம் செய்யக்கூடியவை இவை. கட்டுப்பாட்டு வாசிப்பைக் கொப்பியில் புறம்பாக எழுதுவோம். அது பட்டைப் போத்தலில் அச்சிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அந்தக் கருவியை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திரவத்தின் போத்தலைத் திறந்த திகதியையும் அதன் மேலேயே எழுதி வைப்போம்.

நிறுவையில் மோசம் செய்யாதே என்பது நமது மார்க்கம் கற்றுத்தந்த பாடம். தராசு சரியா என்று பார்ப்பதும் அதில் அடக்கம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.