ஊதா ஜட்டியும் சிவப்பு கிதாரும்

'பேக் டு தி ஃபியூச்சர்' 1985 ஜூலையில் வந்த படம். மார்ட்டி என்ற பதினேழு வயசுப் பையன் டெலோரியன் காரில் ஏறி முப்பது வருஷம் பின்னால் போய், ஹைஸ்கூலில் படிக்கிற தன் அப்பா அம்மாவுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் காமெடி. இதில் தப்புக் கண்டுபிடிப்பது நாற்பது வருஷமாக உலகம் முழுக்கப் பலருக்குப் பொழுதுபோக்கு. எனக்கும்தான். காலப்பயணக் கதை என்பதால் ஒரு சிக்கல் இருக்கிறது. 1955இல் இருக்கக் கூடாத பொருள் ஒன்று திரையில் தெரிந்தால், அது கவனக்குறைவா, வேண்டுமென்றே வைத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உதாரணமாக, படத்தின் தொடக்கத்தில் மாலின் பெயர்ப்பலகையில் 'ட்வின் பைன்ஸ்' என்று இரண்டு பைன் மரங்கள் இருக்கும். கடைசியில் அதே பலகையில் 'லோன் பைன்', ஒற்றை மரம். கன்டினியூட்டி தப்பு என்று துள்ளிக் குதித்தவர்கள் உண்டு. நடுவில் மார்ட்டி 1955க்குப் போய் இறங்கிய கையோடு ஒரு பைன் கன்றைக் காரால் இடித்துச் சாய்த்துவிடுகிறான். ஒரு மரம் போனதால் மாலின் பெயரே மாறிவிட்டது. நிஜ டெலோரியனின் ஸ்பீடாமீட்டர் 85 மைலோடு முடிந்துவிடும். கதைக்கு 88 மைல் வேண்டும் என்பதால் மீட்டரையே மாற்றி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் கிதாரில் கோட்டை விட்டார்கள்.

பள்ளி நடனம் நடப்பது 1955 நவம்பர் 12. மேடையில் மார்ட்டி வாசிப்பது சிவப்பு கிப்சன் இஎஸ்-345. அந்த மாடல் 1958க்கு முன் கிடையாது. அவன் பாடும் 'ஜானி பி. குட்' பாட்டும் 1958இல் வந்ததுதான், ஆனால் அது தெரிந்தே வைத்த நகைச்சுவை. பாட்டு மூன்று வருஷம் முந்தி வந்தால் சிரிப்பு, கிதார் மூன்று வருஷம் முந்தி வந்தால் தப்பு. கிதார் வாசிக்கத் தெரிந்தவர்கள் இதை விடவே மாட்டார்கள்.

எனக்கு அதே காட்சியில் வேறொன்று உறுத்துகிறது. மார்ட்டி வாசிப்பதைக் கேட்டதும் பேண்ட் தலைவர் மார்வின் பெர்ரி தன் உறவுக்காரர் சக் பெர்ரிக்கு போன் போட்டு, நீ தேடிக்கொண்டிருந்த புதுச் சத்தம் இதுதான் என்பார். நிஜத்தில் சக் பெர்ரியின் 'மேபலீன்' 1955 ஜூலையிலேயே வெளிவந்து பெரிய ஹிட் ஆகிவிட்டது. நவம்பரில் அவர் எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை, கண்டுபிடித்து விற்றே முடித்திருந்தார். கறுப்பினக் கலைஞர் ஒருவர் உருவாக்கியதை அவருக்கே ஒரு வெள்ளைப் பையன் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிறது. கிதார் மாடலைவிட இது பெரிய தப்பு. பட்டியல் போடுகிறவர்கள் பலர் கிதாரோடு நின்றுவிடுகிறார்கள்.

சரி, திருப்பூர்க்காரன் கண்ணுக்கு மாட்டுவது ஜட்டி.

கார் மோதி மயங்கிய மார்ட்டி, பிற்காலத்தில் தனக்கு அம்மாவாகப் போகிற லொரெய்னின் கட்டிலில் கண் விழிக்கிறான். பேண்ட்டைக் காணோம். அவள் அவனை 'கால்வின்' என்று கூப்பிடுகிறாள். ஏன் என்றால், ஜட்டியில் அந்தப் பெயர்தானே எழுதியிருக்கிறது! ஊதா நிற ஜட்டியைப் பார்ப்பதும் அவளுக்கு அதுதான் முதல் தடவை. தியேட்டரில் அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். ஆனால் 1955ஐ வைத்துப் பார்த்தால் அவள் கணக்கு சரி. கேம்ப்புக்கும் ஹாஸ்டலுக்கும் போகிற பிள்ளைகளின் துணியில் பெயர் நாடா தைத்து அனுப்புவது அங்கே வழக்கம். துணியில் பெயர் இருந்தால் அது உடுத்துகிறவனின் பெயர். நம்ம பக்கமும் அப்படித்தானே? சலவைக்குப் போகிற துணியில் சேங்கொட்டைப் பாலால் குறி போடுவார்கள். கழுவினாலும் போகாது. அந்தக் குறி எந்த வீட்டுத் துணி என்று சொல்லும், எந்தக் கம்பெனித் துணி என்று சொல்லாது.

1942 நவம்பரில் பிறந்த நிஜ கால்வின் கிளெய்னுக்கு, லொரெய்ன் அந்தப் பெயரைச் சொன்ன நாளில் இன்னும் பதின்மூன்று முடியவில்லை. நியூயார்க்கில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். அவர் பெயரில் ஆண்கள் ஜட்டி 1982இல்தான் வந்தது. டாம் ஹின்ட்னஸ் என்ற போல் வால்ட் வீரரை கிரீஸ் தீவு ஒன்றின் வெள்ளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி ப்ரூஸ் வெபர் எடுத்த படம் டைம்ஸ் ஸ்கொயரில் ராட்சத விளம்பரமாக நின்றது. இடுப்புப் பட்டியில் பெயர். உள்ளே மறைத்து உடுத்துவதை வெளியே காட்டத் தொடங்கிய காலம். மூன்றே வருஷத்தில் சினிமா அதை ஜோக் ஆக்கிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அமெரிக்காவுக்கு வெளியே அந்த ஜட்டி அவ்வளவு பிரபலமில்லை. அதனால் பிரெஞ்சு டப்பிங்கில் பையன் பெயர் பியர் கார்டின் ஆனது, ஸ்பெயினில் லெவி ஸ்ட்ராஸ். ரசிகனுக்குப் புரியட்டும் என்று மாற்றியதில் புதுத் தப்பு முளைத்தது. பியர் கார்டின் 1950இலேயே பாரிஸில் கடை போட்டவர், 1955இல் ஏற்கெனவே தொழிலில் இருந்தார். லெவிஸ் இன்னும் மோசம். அது சான் பிரான்சிஸ்கோ கம்பெனி, கதை நடப்பது கலிபோர்னியாவில். ஊர்ப் பையன்கள் போடுகிற ஜீன்ஸின் பெயரை ஒரு கலிபோர்னியாப் பெண் அந்நியப் பையனின் பெயர் என்று நினைப்பாளா? மூலத்தில் துல்லியமாக இருந்த ஜோக், மொழிபெயர்ப்பில் சரித்திரப் பிழை ஆகிவிட்டது.

1985 திருப்பூரில் ஒருத்தர் பீரியட் படம் எடுக்கிறார் என்று வையுங்கள். கடைப் பலகையில் கோவை மாவட்டம் என்று இருக்க வேண்டும். திருப்பூர் தனி மாவட்டம் ஆனது 2009இல். லாரியில் 'டிஎன்' நம்பர் கூடாது, அது 1989இல் வந்த முறை. விலைச் சீட்டில் ₹ குறி இருந்தால் மாட்டினார், அது 2010. இதெல்லாம் கூகுளில் கிடைக்கும். ஆனால் ஓவர்லாக் மிஷின் முன்னால் குவிந்து கிடக்கும் துண்டுகளில் யார் பெயர் இருக்க வேண்டும்? அந்த வருஷம் ஊரின் ஏற்றுமதியே சுமார் 15 கோடி ரூபாய்தான். பெரும்பாலும் உள்நாட்டுக்கான வெள்ளை பனியன், வெள்ளை ஜட்டி. எலாஸ்டிக்கில் வெளிநாட்டுப் பெயர் நெய்த குவியலைக் காட்டினால் அது கிதார் மாதிரித் தப்பு. இன்று ஏற்றுமதி 30,000 கோடிக்கு மேல், அந்தக் குவியல் எந்தப் பவர் டேபிள் பக்கத்திலும் கிடக்கும்.

அந்தப் பெயருக்கு என்ன விலை என்று தெரிய காதர்பேட்டைக்குப் போனால் போதும். பையர் எடுக்காத சர்ப்ளஸ் சரக்கு அங்கே மூட்டையாக வரும். பலதில் கழுத்து லேபிள் வெட்டப்பட்டிருக்கும். அதே நூல், அதே தையல். பெயர் போனதும் விலை பாதிக்கும் கீழே.

லேபிளோடு அமெரிக்கா போய்ச் சேருகிற உருப்படியில் பிராண்ட் பெயருக்குக் கீழே 'மேட் இன் இந்தியா' என்று இருக்கும். பலதில் ஆர்என் என்று போட்டு ஒரு நம்பரும் இருக்கும். தைத்த கம்பெனியின் நம்பர் என்று நம்ம ஆட்களே நினைப்பதுண்டு. அது அமெரிக்க அரசு அங்குள்ள கம்பெனிகளுக்குக் கொடுப்பது, பெரும்பாலும் இறக்குமதி செய்கிறவருடையது. திருப்பூரில் ஒட்டுகிற ஒரே நம்பர் கட்டிங்கில் போடும் பண்டல் ஸ்டிக்கர். பேக்கிங்குக்கு முன்னால் செக்கிங்கில் இருக்கிறவர்கள் அதையும் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். விட்டுப்போனால் பீஸ் ரிஜெக்ட்.