சொல் தெரிந்தும் பேச்சு வராதது ஏன்?
ஆங்கில மரபுத்தொடர் கற்பித்த வரலாறு

ஒருவன் ‘கம்பி நீட்டினான்’ என்றால் அவன் கையில் கம்பியும் இல்லை. அதை எவரிடத்தும் அவன் நீட்டவும் இல்லை. ‘கயிறு திரித்தான்’ என்ற இடத்தில் நாரும் இல்லை, கயிறும் இல்லை. நண்பனைக் ‘கை கழுவி’ விடுவதற்குத் தண்ணீர் வேண்டுவதில்லை. தமிழ்ப் பிள்ளைகள் இவற்றை அகராதி புரட்டிக் கற்பதில்லை. தாய் பேசக் கேட்டும், தெருவில் பிறர் பேசக் கேட்டும் தாமே அறிந்து கொள்கின்றனர். தமிழை ஏட்டில் மட்டும் கற்ற பிறமொழியாளரோ, கம்பி இன்னது, நீட்டுதல் இன்னது என்று தெளிவாக அறிந்திருந்தும், இவ்விடத்தில் திகைத்து நின்று விடுவார்.

ஆங்கிலம் கற்பார் படும் பாடும் இதுவே. ‘கிவ்’ என்றால் கொடு; ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் கூடி ‘கிவ் அப்’ ஆனதும் ‘கைவிடு’ என்பது பொருளாகி விடுகிறது. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப் போடுதல். ‘புட் அவுட்’ என்றால் தீயையோ விளக்கையோ அணைத்தல். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக் கொள்ளுதல். ‘புட்’ என்னும் சிறு சொல்லின் பொருளை அறிந்தவன் இம்மூன்றையும் அறிந்தவன் ஆகான். சொற்கள் தனித்தனியே வாழ்வன அல்ல, கூடி வாழ்வன. இவ்வெளிய உண்மையை ஆங்கிலம் கற்பித்தோர் முறையாக ஆராய்ந்து நூலாக்குவதற்கு மூன்றரை நூற்றாண்டுக் காலம் ஆயிற்று. அவ்வரலாறு ஆங்கில ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் ஆசிரியரும் அறிய வேண்டுவதாகும்.

புகலிடம் தேடியவர்க்கு ஒரு நூல்

16 ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் சமயப் பூசல் மூண்டது. 1572 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தொடங்கிய படுகொலையில் புரொட்டஸ்டண்டு சமயத்தார் பல்லாயிரவர் மாண்டனர். தப்பிப் பிழைத்தோருள் பலர் கடல் கடந்து இலண்டன் நகரம் சேர்ந்தனர். நெசவும் பிற கைத்தொழில்களும் அறிந்த அம்மக்களுக்கு ஆங்கிலம் தெரியாது. கடைக்காரனிடம் விலை கேட்கவும், அண்டை வீட்டாரை வணங்கி நலம் உசாவவும் மொழி வேண்டியிருந்தது.

அவர்களுக்காக ஜாக் பெல்லோ என்பவர் 1586 ஆம் ஆண்டில் ஓர் உரையாடல் நூலை வெளியிட்டார். அவரும் பிரான்சிலிருந்து வந்தவரே. பிள்ளைகள் காலையில் எழுந்து பள்ளிக்குப் புறப்படுதல், கடையில் பொருள் வாங்குதல், விருந்தினருடன் உண்ணுதல் எனப் பேச்சுக்கள் அந்நூலில் அமைந்தன. ஒருபால் ஆங்கிலம், ஒருபால் பிரெஞ்சு, மற்றொருபால் ஆங்கில ஒலியைப் பிரெஞ்சு எழுத்து முறையில் காட்டும் குறிப்பு என மூன்று வரிசையாக அதனை அமைத்தார்.

பெல்லோ இலக்கணத்தை முன்னே நிறுத்தவில்லை. சொற்பட்டியலையும் முன்னே நிறுத்தவில்லை. வாழ்வில் வழங்கும் தொடரை அது வழங்கும் இடத்தோடு சேர்த்துக் கொடுத்தார். இஃது அவர் செய்த நற்பணி. ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. நூலில் உள்ள உரையாடல் முடிந்ததும் கற்றவன் பேச்சும் முடிந்து விடும். கடைக்காரன் நூலில் இல்லாத மறுமொழி ஒன்றைச் சொல்லிவிட்டால் வாங்க வந்தவன் வாய் மூடி நிற்க வேண்டியதுதான். எத்தொடரை எவ்வளவு மாற்றலாம், எதனை மாற்றவே கூடாது என்று அக்கால உரையாடல் நூல்கள் கற்பிக்கவில்லை.

குரங்கைக் கடித்த கதை

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மொழி வந்துவிடும் என்று நம்பியவர் பலர். அந்நம்பிக்கையின் பயனை உலகமே கண்டு நகைக்குமாறு செய்தது, 1855 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் வெளியான போர்ச்சுகீசிய ஆங்கில உரையாடல் நூல் ஒன்று. அதன் ஆசிரியர் பெத்ரோ கரோலினோ. ஜோசே ட பொன்சேகா என்பாரின் பெயரும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. பொன்சேகா முன்னர் இயற்றிய போர்ச்சுகீசிய பிரெஞ்சு நூலைக் கையில் வைத்துக் கொண்டு, பிரெஞ்சுத் தொடர்களைப் பிரெஞ்சு ஆங்கில அகராதியின் துணையால் ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்துக் கரோலினோ இதனை ஆக்கினார் என்பது ஆய்வாளர் கருத்து.

பிரெஞ்சு மொழியில் நெடுநேரம் காத்துக் கிடப்பதைக் குறிக்க ஒரு மரபுத்தொடர் உண்டு. கரோலினோ நூலில் அது ‘சிறு குரங்கை நறநறவெனக் கடித்தல்’ என்னும் பொருள்படும் ஆங்கிலமாக மாறிற்று. மரபுத்தொடருக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ‘இடியோட்டிஸ்மோ’ என்று பெயர். அதனை அவர் ‘இடியோட்டிஸம்ஸ்’ என்று ஆங்கிலப்படுத்தி, ஒரு பகுதிக்கே தலைப்பாகச் சூட்டினார். ஆங்கிலேயர் செவியில் அது ‘மடமைகள்’ என்று ஒலித்தது! 1883 ஆம் ஆண்டில் அந்நூல் நகைச்சுவை நூலாகவே மறுபதிப்புப் பெற்றது. அமெரிக்கப் பதிப்புக்கு மார்க் டுவெயின் முன்னுரை எழுதினார்.

நகைத்து விட்டுப் போவது எளிது. ஆனால் கரோலினோ சோம்பியவர் அல்லர். அகராதியை ஓயாது புரட்டியவர். அகராதி சொன்னதையே எழுதினார். சொல்லுக்குப் பொருள் கூறிய அகராதி, அச்சொல் எச்சொல்லோடு கூடும் என்பதைக் கூறவில்லை. எனவே பிழையில் ஒரு பங்கு அகராதிக்கும் உரியதாகும்.

தோக்கியோவில் நடந்த ஆராய்ச்சி

அத்தகைய அகராதி பிறந்த இடம் இங்கிலாந்து அன்று; ஜப்பான். அதற்கு வித்திட்டவர் ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேயர். 1877 ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த பாமர், இளமையில் பெல்ஜியம் சென்று வெர்வியே என்னும் ஊரில் ஆங்கிலம் கற்பித்தார். 1914 ஆம் ஆண்டு செர்மானியப் படை பெல்ஜியத்துள் புகுந்தது. பாமர் தம் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். பின்னர் இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் விரிவுரை ஆற்றினார். ஜப்பானியக் கல்வியாளர் சவாயனகி மசதாரோவின் அழைப்பை ஏற்று 1922 இல் தோக்கியோ சென்றார். அடுத்த ஆண்டு அங்கே ஆங்கிலம் கற்பித்தல் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. பாமர் அதன் இயக்குநர் ஆனார்.

அக்கால ஜப்பானிய மாணவர் ஆங்கில நூல்களை வரிவரியாகப் பெயர்த்துப் படிப்பதில் வல்லவர். வாய் திறந்து பேசுவதில் பின்தங்கியவர். முதலில் செவிக்கும் நாவுக்கும் பயிற்சி, பின்னரே கண்ணுக்கும் கைக்கும் என்று பாமர் வற்புறுத்தினார். தொடக்க மாணவருக்கு எத்தனை சொற்கள் வேண்டும் என்று கணக்கெடுக்கவும் முனைந்தார். அங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. ‘சொல்’ என்பது யாது? ‘கிவ் அப்’ ஒரு சொல்லா, இரு சொல்லா? எழுத்தில் இரண்டு, பொருளில் ஒன்று. அதனைத் தனியே கற்பிக்காவிட்டால் மாணவனுக்கு அது விளங்காது.

ஆகவே, பகுதிகளிலிருந்து கூட்டிப் பொருள் காண இயலாத, முழுமையாகவே கற்க வேண்டிய சொற்கூட்டங்களைத் திரட்டும் பணி தொடங்கிற்று. அதில் பாமருக்குத் துணை நின்றவர் ஏ. எஸ். ஹார்ன்பி. 1898 ஆம் ஆண்டு செஸ்டர் நகரில் பிறந்த இவர், 1924 இல் ஆங்கில இலக்கியம் கற்பிக்க ஜப்பான் சென்றவர். இலக்கியத்தை விட மொழியே தம் மாணவர்க்கு முதலில் தேவை என்று கண்டு இத்துறைக்குத் திரும்பினார். சொற்கூட்டங்கள் பற்றிய அறிக்கை 1933 ஆம் ஆண்டு வெளிவந்தது.

அவர்கள் தேடித் திரட்டியவை விந்தையான பழமொழிகள் அல்ல. பெருமழை பெய்வதை நாயும் பூனையும் பொழிவதாகக் கூறும் தொடரை ஆங்கிலம் கற்கும் மாணவர் பலரும் விரும்பி மனப்பாடம் செய்கின்றனர். வாழ்நாளில் அதனைக் கேட்கும் வாய்ப்போ குறைவு. ‘மேக் எ மிஸ்டேக்’ என்பது நாள்தோறும் வேண்டுவது. பிழை ‘செய்தல்’ என்று நினைத்து ‘டூ எ மிஸ்டேக்’ என்பான் கற்பவன். பொருள் விளங்கும், ஆனால் அயலான் பேச்சு என்பதும் உடனே விளங்கிவிடும். ‘டேக் எ பாத்’, ‘கேட்ச் எ கோல்ட்’, ‘ஹேவ் எ லுக்’ போன்ற எளிய கூட்டங்களே அன்றாடப் பேச்சின் எலும்பும் நரம்பும் ஆவன.

போர்க்காலத்தில் ஓர் அகராதி

1936 இல் பாமர் இங்கிலாந்து திரும்பினார். கழகத்தின் ஆராய்ச்சிப் பொறுப்பு ஹார்ன்பியின் தோள்மேல் ஏறிற்று. கேட்டன்பி, வேக்பீல்டு என்னும் இரு ஆசிரியர்களுடன் சேர்ந்து, ஆங்கிலம் கற்கும் அயல்நாட்டாருக்கென்றே ஓர் அகராதியை அவர் தொகுக்கலானார். பிற அகராதிகள் சொல்லின் பொருளைக் கூறி அமைந்தன. இவ்வகராதியோ, சொல்லை எவ்வாறு ஆள்வது என்பதையும் கூறிற்று. வினைச்சொற்களை 25 வாய்பாடுகளில் அடக்கி, ஒவ்வொரு வினையும் எவ்வாய்பாட்டில் வரும் எனக் குறித்தது. எப்பெயர்ச்சொல் எண்ணத்தக்கது, எது எண்ணத்தகாதது எனக் காட்டிற்று. மரபுத்தொடர்களை எடுத்துக்காட்டுகளோடு தந்தது.

பணி முடிந்து அச்சேறும் காலத்தில் போர் குறுக்கிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டார். மறு ஆண்டு கைதிகள் பரிமாற்றத்தில் நாடு திரும்பினார். ஆங்கிலம் பகைவர் மொழி என்று இகழப்பட்ட அந்த 1942 ஆம் ஆண்டிலேயே, தோக்கியோவின் கைதக்குஷா பதிப்பகம் அவ்வகராதியை வெளியிட்டது. அதே ஆண்டில்தான் சிங்கப்பூர் ‘சியோனான்’ எனப் பெயர் மாற்றப்பட்டு, இங்குள்ள பள்ளிகளில் ஜப்பானிய மொழி புகுத்தப்பட்டது. ஆட்சிகள் மொழிகளைப் பகைத்து நின்ற நாளில், பகைவர் மொழி எனப்பட்டதற்கு உரிய அகராதி, போரிட்ட நாட்டின் தலைநகரிலேயே அச்சாயிற்று!

போர் ஓய்ந்தபின், 1948 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக அச்சகம் ஜப்பானியப் பதிப்பையே நிழற்படமாக எடுத்து மறுபதிப்புச் செய்தது. இன்று உலகெங்கும் மாணவர் கையாளும் ஆக்ஸ்போர்டு உயர்நிலை மாணவர் அகராதியின் மூலம் அதுவே. 1944 இல் மறைந்த பாமர் அதனைக் காணவில்லை. ஹார்ன்பி 1961 இல் ஓர் அறக்கட்டளை நிறுவி, அகராதியின் வருவாயில் பெரும்பகுதியை ஆங்கில ஆசிரியர்களின் மேற்பயிற்சிக்கு ஒதுக்கினார். அவர் 1978 இல் மறைந்தார்.

தமிழுக்கு ஒரு படிப்பினை

பாமரின் முறையை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதென்று ஜப்பானியர் கருதவில்லை. பாமரோடு பழகிய நகனுமா நாவோயே என்னும் அறிஞர், அம்முறையைத் தம் தாய்மொழிக்குப் பொருத்தி, அயல்நாட்டாருக்கு ஜப்பானிய மொழி கற்பிக்கும் பாடநூல்களை இயற்றினார். பிறமொழிக்கு வகுத்த வழியால் தம் மொழியை வளர்த்த அறிவுடைமை அது.

எச்சொல் எதனோடு சேரும் என்னும் ஆராய்ச்சி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், பறவையின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்றும், ஆட்டின் இளமைக்கு மறி என்றும், யானையின் இளமைக்குக் கன்று என்றும் பெயர்கள் உரிமையுற்று வருவதை வகுத்துரைக்கிறது. ஆயினும் பழம்பெருமை பேசுவதோடு பணி முடிந்து விடாது. இன்று சிங்கப்பூரிலும் பிற நாடுகளிலும் ஆங்கிலம் வழங்கும் இல்லங்களிலிருந்து தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு ‘கம்பி நீட்டினான்’ என்பது, பெல்லோவின் அகதிகளுக்கு ஆங்கிலம் இருந்தது போல, வெளியே நின்று கேட்கும் பேச்சாகும். ‘குளிர் பிடித்தேன்’ என்றும், ‘பேருந்தை எடுத்தேன்’ என்றும் பிள்ளை எழுதினால், அது சோம்பல் அன்று. ஆங்கிலச் சொற்கூட்டத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த கரோலினோவின் உழைப்பே அங்கும் இருக்கிறது.

அப்பிள்ளையைப் பார்த்து நகைப்பதால் பயனில்லை. சிவப்பு மையால் அடித்து விடுவதாலும் பயனில்லை. ‘சளி பிடித்தது’, ‘பேருந்தில் ஏறினேன்’ என்னும் கூட்டங்களை முழுமையாகக் காதில் விழச் செய்து, நாவில் பழகச் செய்வதே வழி. பாமரும் ஹார்ன்பியும் ஆங்கிலத்துக்குச் செய்தது போல, அன்றாடத் தமிழின் சொற்கூட்டங்களைத் திரட்டி, எடுத்துக்காட்டோடு வகைப்படுத்தி மாணவர் கையில் கொடுப்பது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரால் தொடங்கத்தக்க பணி. ஒரு குறிப்பேடும், பிள்ளைகளின் பிழைகளைப் பொறுமையோடு நோக்கும் கண்ணும் இருந்தால் அதற்குப் போதும்.