நிலக்கரிப் பாதையில் தொடங்கிய சவாரி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மலைப்பகுதியில் 1827ஆம் ஆண்டு ஒரு தண்டவாளம் போடப்பட்டது. சம்மிட் ஹில் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரியை, சுமார் 9 மைல் தொலைவில் லீஹை ஆற்றங்கரையில் இருந்த மவுக் சங்க் என்ற ஊருக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. பாதை இறக்கமாகவே இருந்ததால் எஞ்சின் தேவைப்படவில்லை. பிரேக் பிடிக்க ஆள் இருந்தால் போதும், பாரம் ஏற்றிய வண்டிகள் தாமாகவே கீழே உருண்டு வந்துவிடும். காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லக் கோவேறு கழுதைகள் இருந்தன. அவையும் இறங்கும்போது தனி வண்டியில் ஏறிச் சவாரி செய்தே வந்தன.

1840களில் வண்டிகளை மேலே இழுக்க நீராவி எந்திரங்கள் வந்தன. 1872இல் மலையைக் குடைந்து புதிய ரயில் பாதை திறந்ததும், நிலக்கரி அந்த வழியாகப் போகத் தொடங்கியது. பழைய பாதைக்கு வேலை இல்லாமல் போனாலும் அதை மூடவில்லை. மலைக்காட்சி பார்க்கவும், இறக்கத்தில் விரையும் சிலிர்ப்புக்காகவும் மக்கள் காசு கொடுத்து ஏறினார்கள். 1930களின் தொடக்கம் வரை அது சுற்றுலா ரயிலாக ஓடியது.

அந்த இறக்கத்தைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர் லமார்கஸ் தாம்சன். காலுறைத் தொழிலில் சம்பாதித்தவர். 1884 ஜூன் மாதம் நியூயார்க்கின் கோனி தீவில் அவர் திறந்த சவாரிக்கும், அந்தப் பழைய மலைப்பாதையைப் போலவே, ஸ்விட்ச்பேக் ரயில் என்றே பெயர். 600 அடி நீளப் பாதை, மணிக்கு சுமார் 6 மைல் வேகம், கட்டணம் 5 சென்ட். பயணிகள் பக்கவாட்டில் திரும்பிய பெஞ்சுகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி போனார்கள். மறுமுனையில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பணியாளர்கள் வண்டியைப் பக்கத்துப் பாதைக்கு மாற்றி மேலே தள்ளிய பிறகு, மறுபடியும் ஏறித் திரும்பி வர வேண்டும். மெல்ல ஓடியே முந்திவிடக்கூடிய அந்த வேகத்துக்கும் கூட்டம் வரிசை கட்டி நின்றது.

லாபம் கண்ணில் பட்டதும் போட்டியாளர்கள் வந்தார்கள். சார்லஸ் அல்கோக் பாதையின் இரு முனைகளையும் இணைத்து, ஏறிய இடத்திலேயே இறங்கும்படி செய்தார். பிலிப் ஹிங்கிள் நீராவி எந்திரத்தால் வண்டியை ஆளோடு மேலே இழுத்தார். தாம்சனும் சளைக்கவில்லை. சுரங்க வழிகளும் தீட்டிய காட்சிகளும் கொண்ட சவாரிகளைக் கட்டி, அவற்றைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனார்.

வண்டியைத் தலைகீழாகச் சுழற்றும் ஆசையும் அப்போதே வந்துவிட்டது. 1895இல் கோனி தீவின் சீ லயன் பூங்காவில் லீனா பீச்சரின் ஃபிளிப் ஃபிளாப் திறந்தது. அதன் வளையம் கச்சிதமான வட்டம், கோளாறும் அதில்தான். நேர்ப்பாதையிலிருந்து வண்டி வட்டத்துக்குள் நுழையும் அதே நொடியில் முழு விசையும் உடம்பின் மீது இறங்கியது. கழுத்து வலியோடு இறங்கியவர்கள் மறுமுறை ஏறவில்லை. 1901இல் எட்வின் பிரஸ்காட் வளையத்தை நீள்வட்டமாக்கினார். வலி குறைந்தது. ஆனால் ஒரு நேரத்தில் சில பேரை மட்டுமே ஏற்ற முடிந்ததால் வருமானம் கட்டுப்படியாகவில்லை. வேடிக்கை பார்த்தவர்களே அதிகம்.

ரோலர் கோஸ்டர் எனப்படும் இந்தச் சவாரிகளை நாடெங்கும் பரப்பியவை டிராம் கம்பெனிகள். வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களால் நிரம்பிய டிராம், வார இறுதியில் காலியாக ஓடியது. தடம் முடியும் இடத்தில் ஒரு பூங்கா இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் டிக்கெட் விற்கும். பிட்ஸ்பர்க் அருகே 1898இல் தோன்றிய கென்னிவுட் அப்படி டிராம் கம்பெனி உருவாக்கிய பூங்காதான்.

இத்தனைக்கும், அன்றைய வண்டிகளைத் தண்டவாளத்தோடு பிணைத்து வைக்க எதுவும் இல்லை. பக்கத்துப் பலகைகள் அவை விலகாமல் தடுத்தன, அவ்வளவே. வேகம் கூடினால் வண்டி மேலெழும்பிவிடும் என்பதால் சரிவுகள் சாதுவாகவே இருந்தன. 1902இல் ஆல்டூனா நகரில் கட்டிய லீப் தி டிப்ஸ் இந்த வகையின் எஞ்சிய சாட்சி. 1996இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

இந்தக் கட்டை அவிழ்த்தவர் ஜான் மில்லர். ரோலர் கோஸ்டரின் வரலாற்றில் ஒரே ஒருவருக்குத்தான் மாலை போட முடியும் என்றால், அது இவருக்கே உரியது. மேடேறும்போது சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாமல் பிடித்துக்கொள்ளும் பல்சட்டத்தை 1910இல் அவர் கொண்டுவந்தார். ஏறும்போது கேட்கும் டக் டக் சத்தம் அதனுடையதுதான். 1919இல் தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எடையைத் தாங்க மேலே ஒரு சக்கரம், திருப்பத்தில் விலகாமல் பிடிக்கப் பக்கத்தில் ஒன்று, எழும்பாமல் இழுத்துப் பிடிக்க அடியில் ஒன்று. இதன் பிறகுதான் செங்குத்துச் சரிவுகளும், இருக்கையைவிட்டு உடம்பு எழும்பும் அந்தக் கணமும் சாத்தியமாயின. இன்றைய எஃகு கோஸ்டர்களும் இந்த மூன்று சக்கர ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

1920கள் பொற்காலம். 1920இல் மில்லர் கென்னிவுட்டுக்கு ஜாக் ரேபிட்டைக் கட்டினார். 1927 ஜூன் 26 அன்று கோனி தீவில் 85 அடி உயர சைக்ளோன் திறந்தது. தாம்சனின் முதல் சவாரி நின்ற அதே இடத்தில்! கட்டணம் 25 சென்ட்.

இரண்டே ஆண்டில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. பூங்காக்கள் கொத்துக் கொத்தாக மூடின. குடும்பங்கள் சொந்தக் காரில் வேறு இடங்களுக்குப் போயின. போர்க்காலத்தில் பழுதுபார்க்க மரம் கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான மரக் கோஸ்டர்கள் இடிபட்டன.

எஞ்சிய பூங்காக்களிலும் எல்லோருக்கும் இடமில்லை. வாஷிங்டன் அருகே இருந்த கிளென் எக்கோ பூங்கா கறுப்பின மக்களை உள்ளே விடவில்லை. 1960 கோடையில் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே நுழைந்து குடை ராட்டினத்தில் உட்கார்ந்து கைதானார்கள். வாரக்கணக்கில் மறியல் நடந்தது. அடுத்த ஆண்டு கதவு திறந்தது. பால்டிமோர் அருகே குவின் ஓக் பூங்காவில் 1963இல் போராடியவர்களில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசிய அதே ஆகஸ்ட் 28 அன்றுதான், 11 மாதக் கறுப்பினக் குழந்தை ஒன்று அங்கே முதன்முதலாக ராட்டினம் ஏறியது. அமெரிக்கப் பூங்காக்களின் பெருமையைப் பேசும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது நியாயமில்லை.

தொழில்நுட்பத்தில் அடுத்த திருப்பம் 1959இல் டிஸ்னிலாந்தில் நிகழ்ந்தது. ஆரோ நிறுவனம் மேட்டர்ஹார்ன் சவாரிக்கு எஃகுக் குழாய்களைத் தண்டவாளமாக்கியது. குழாயை எப்படியும் வளைக்கலாம் என்றானதும், தலைகீழ்ச் சவாரி மீண்டு வந்தது. 1975இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் கார்க்ஸ்க்ரூ, 1976இல் மேஜிக் மவுன்டனில் ரெவல்யூஷன். பின்னதன் வளையம் நீர்த்துளி வடிவில் இருந்தது. அடியில் விரிந்து, மேலே போகப் போக இறுகும் வளைவு. விசை மெல்லக் கூடி மெல்லக் குறைந்தது. ஃபிளிப் ஃபிளாப் பயணிகளின் கழுத்து வலிக்கு 81 ஆண்டுகள் கழித்துத் தீர்வு வந்தது.

மரமும் தோற்றுவிடவில்லை. 1972இல் ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் ஜான் ஆலன் வடிவமைத்த ரேசர், மரக் கோஸ்டர்களுக்கு மறுவாழ்வு தந்தது. 1979இல் அதே பூங்காவில் 7,359 அடி நீளத்துக்கு வளர்ந்த பீஸ்ட்தான் இன்றும் உலகின் மிக நீளமான மரக் கோஸ்டர். கோனி தீவின் சைக்ளோனை இடித்து மீன் காட்சியகத்தை விரிவாக்கும் திட்டம் எழுந்தபோது, மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1975இல் அது மீண்டும் ஓடியது. 1988இல் நியூயார்க் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

பிறகு உயரப் போட்டி. சீடர் பாயின்ட் பூங்காவில் 1989இல் 205 அடி, 2000இல் 310 அடி, 2003இல் 420 அடி. நியூ ஜெர்சியில் 2005இல் திறந்த கிங்டா கா 456 அடியைத் தொட்டது. மணிக்கு 128 மைல் வேகம். 2024 நவம்பரில் அதன் ஓட்டம் நின்றது. 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அன்று உலகிலேயே உயரமான கோஸ்டராக இருந்த அந்தச் சவாரி 20 ஆண்டுகளைக்கூட முடிக்கவில்லை. தச்சர்கள் பழுதான பலகைகளை மாற்றி மாற்றிக் காத்துவரும் ஜாக் ரேபிட் நூறாண்டைத் தாண்டியும், சைக்ளோன் நூறாண்டை நெருங்கியும், மில்லரின் சக்கரங்களோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.