அறிந்த பாவமும் அறியாப் பாவமும்: கிறிஸ்தவ நெறியிலும் தமிழக வரலாற்றிலும்

அறிந்த பாவம், அறியாப் பாவம் என்பது கிறிஸ்தவ அறநெறியின் மிகப் பழைய பாகுபாடுகளுள் ஒன்று. இன்னது தவறு என்று தெரிந்தும் மனமிசைந்து செய்வது அறிந்த பாவம். தெரியாமையாலோ கவனப் பிசகாலோ நேர்ந்துவிடுவது அறியாப் பாவம். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் முதலாவதற்குத் 'துணிகரம்', 'மனப்பூர்வம்' என்னும் சொற்களும், இரண்டாவதற்கு 'அறியாமை', 'கைப்பிசகு' என்னும் சொற்களும் வழங்கும். கத்தோலிக்கர் சொல்லும் 'சாவான பாவம்', 'அற்பப் பாவம்' என்ற பிரிவு இதோடு உறவுடையது. ஆனால் இதுவே அதுவன்று.

தமிழகத்தில் இந்தக் கேள்வி குருமடத்து வகுப்பறையோடு நிற்கவில்லை. தாலியில், நெற்றியில், கோயிலுக்குள் எழுந்த சுவரில் வந்து நின்றது. பரம்பரையாகச் செய்துவரும் வழக்கம் எந்த நாளில் பாவமாகிறது, அதற்குமுன் அதைச் செய்தவர் என்ன ஆவார் என்பதுதான் புதுச்சேரி, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் சந்தித்த உண்மையான வழக்கு.

விவிலியத்தில்

லேவியராகமம் 4ஆம் அதிகாரம் அறியாமல் செய்த பிழைக்குப் பலி வகுக்கிறது. குருவுக்கும் சபை முழுமைக்கும் காளை. தலைவனுக்கு வெள்ளாட்டுக் கடா. சாதாரணக் குடிமகனுக்குப் பெண் ஆடு. அதற்கும் வசதியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம், அதுவும் இல்லாதவன் ஒரு படி மாவு கொண்டுவரலாம் என்கிறது அடுத்த அதிகாரம். தெரியாமல் செய்தது பாவமே இல்லை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பாவந்தான், ஆனால் தீர வழியுண்டு என்கிறது. எண்ணாகமம் 15இல் 'ஓங்கிய கையோடு' துணிந்து செய்யும் மீறலுக்கு அந்த வழியும் அடைபடுகிறது. இடையில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தெரிந்தே பிறன் பொருளை மோசடி செய்தவன், பொருளோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுத்துப் பலி செலுத்தினால் மன்னிப்புண்டு (லேவியராகமம் 6). எனவே தெரிந்து செய்த பாவத்துக்கு மீட்சியே இல்லை என்று பழைய ஏற்பாட்டை வாசிப்பது அவசர வாசிப்பு.

கொலையிலும் இதே பிரிவு உண்டு. மரம் வெட்டுகையில் கோடரி காம்பைவிட்டுக் கழன்று பக்கத்திலிருந்தவன்மேல் விழுந்து அவன் செத்துப்போனால், வெட்டியவன் ஆறு அடைக்கலப் பட்டணங்களில் ஒன்றுக்கு ஓடிப் பிழைக்கலாம். ஆனால் தலைமைக் குரு இறக்கும்வரை அங்கிருந்து வெளியே வரக்கூடாது. கைப்பிசகுக்கும் ஒரு விலை இருந்தது.

புதிய ஏற்பாட்டில், எஜமானின் விருப்பம் தெரிந்தும் செய்யாத வேலைக்காரனுக்கு அடி அதிகம், தெரியாதவனுக்குக் குறைவு என்று லூக்கா 12 கூறுகிறது. கிறிஸ்தவர்களை வேட்டையாடிய தாம் அறியாமையால் செய்தபடியால் இரக்கம் பெற்றதாகப் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். பலரை நடுங்கவைத்தது எபிரெயர் 10ஆம் அதிகாரம்: உண்மையை அறிந்தபின் மனப்பூர்வமாகப் பாவம் செய்தால் வேறு பலி இல்லை என்ற எச்சரிக்கை. அது அன்றாட வழுக்கல்களைப் பற்றியதன்று, விசுவாசத்தையே உதறிவிட்டுப் போவதைப் பற்றியது என்பது பெரும்பாலான உரையாசிரியர்களின் கருத்து. ஆனாலும் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டு இரவெல்லாம் இந்த அதிகாரத்தோடு மல்லுக்கட்டும் விசுவாசிகள் எல்லாச் சபையிலும் உண்டு.

தமிழ்ச் சூழலில்

தமிழர் வேண்டுதலில் 'அறிந்தும் அறியாமலும்' என்பது ஒரே மூச்சில் வரும் தொடர். சபரிமலைக்கு மாலை போட்டவர் முதல் குலதெய்வத்தின்முன் நிற்பவர்வரை இரண்டு வகைப் பிழையையும் ஒரே முடிச்சாகக் கட்டித்தான் மன்னிப்புக் கேட்பார்கள். கிறிஸ்தவம் அந்த முடிச்சை அவிழ்த்துத் தனித்தனியே எண்ணச் சொன்னது.

தமிழ்க் கதைகள் அறியாப் பிழைக்கு அதிகம் இரங்குவதில்லை. திருவாரூரில் தேர்க்காலில் கன்று சிக்கி மாண்டது இளவரசன் அறியாமல் நேர்ந்தது. பிராயச்சித்தம் போதும் என்ற யோசனையை மனுநீதிச் சோழன் ஏற்கவில்லை. வானூர் வட்டத்தில், புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலைக்கு உள்ளே தள்ளியிருக்கும் இரும்பையின் தலக்கதையும் இப்படிப்பட்டதே. இரும்பை மாகாளம் சம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலம். அங்கே திருவிழாவில் ஆடிய பெண்ணின் சிலம்பு கழன்று விழ, கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூட்டம் சிரித்தது. சித்தர் வெகுண்டு பாட, லிங்கம் வெடித்துச் சிதறி ஊரே வறண்டது என்பது கதை. வெடித்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்து வைத்திருக்கிறார்கள். சிரித்தவர்களுக்கு அவர் யார், என்ன நினைத்துச் செய்தார் என்பது தெரியாது. தெரியாது என்பதைக் கதை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பாவசங்கீர்த்தனம்

முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு அன்றீக் அன்றீக்கசு 1580இல் கொச்சியில் அச்சிட்ட 'கொம்பெசியொனாயரு' தமிழில் அச்சேறிய தொடக்க நூல்களுள் ஒன்று. பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடல், செய்வோருக்கான வழிகாட்டி அது. தமிழ் அச்சு பிறந்த இரண்டே ஆண்டில், ஒருவன் தன் பாவத்தை எப்படி எண்ணிச் சொல்லவேண்டும் என்பதற்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது.

இதற்குப் பின்னால் திரெந்து பொதுச்சங்கத்தின் 1551ஆம் ஆண்டுத் தீர்மானம் நிற்கிறது. சாவான பாவம் ஒவ்வொன்றையும் அதன் வகையோடும் எண்ணிக்கையோடும் குருவிடம் சொல்லவேண்டும். பாவம் சாவானதாவதற்கு மூன்று நிபந்தனைகள்: விஷயம் கனமானதாக இருக்கவேண்டும், முழு அறிவு இருக்கவேண்டும், முழுச் சம்மதம் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமன்று. கனமான காரியத்தைத் தெரியாமல் செய்தால் அற்பப் பாவமாகலாம், பாவமே ஆகாமலும் போகலாம்; அற்பக் காரியத்தை முழுக்கத் தெரிந்தே செய்தாலும் அது அற்பப் பாவந்தான். இரண்டு பாகுபாடுகளும் ஒத்துப்போகாத இடம் இது.

அறியாமையையும் இறையியலாளர் தரம் பிரித்தனர். வெல்லவே முடியாத அறியாமை குற்றத்தை நீக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்ற நிலையில் கேளாமல் இருந்தது குற்றத்தைக் குறைக்கும், நீக்காது. தெரிந்துவிட்டால் விடவேண்டியிருக்குமே என்று வேண்டுமென்றே தெரியாமல் இருப்பது குற்றத்தைக் கூட்டும். 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இந்தப் பாசாங்கு அறியாமையை அப்படியே மதிப்பிடுகிறது. இந்த மூன்றாவது வகைதான் தமிழகத்துக்கு அதிகம் பொருந்துவது.

நடைமுறையில் கம்பித் தடுப்பின் இந்தப் பக்கம் முழந்தாளிட்டவர், கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை மாதம் ஆயிற்று என்று தொடங்கி, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, நினைவுக்கு வராத பாவங்களையும் சேர்த்துக்கொண்டு முடிப்பார். சங்கம் அவிழ்த்த முடிச்சைக் கிராமத்துப் பாட்டி மறுபடி கட்டிவிடுகிறாள். எல்லாவற்றையும் எண்ணிவிட முடியாது என்பதை லூத்தர் வழியினர் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டனர். தன் பிழைகளை முழுவதும் உணர்பவர் எவருமில்லை என்னும் 19ஆம் சங்கீதத்தின் கருத்தைக் காட்டி, எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்லவேண்டியதில்லை என்றது 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பூர்க் அறிக்கை.

புதுச்சேரி, 1704

மதுரையில் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி தொடங்கிய முறையில், குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவை குலவழக்கமே, சமயச் சடங்கல்ல என்ற விளக்கம் ஏற்கப்பட்டது. 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். எண்பது ஆண்டுகளுக்குப் பின் ரோமையின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய ஷார்ல் மையார் த தூர்னோன், நோய்வாய்ப்பட்ட நிலையில் உள்நாட்டுக்குள் காலெடுத்து வைக்காமலேயே விசாரணை நடத்தி, 1704 ஜூன் 23 அன்று 16 பிரிவுகள் கொண்ட ஆணையில் கையெழுத்திட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. அரசாணிக்கால் கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக்கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர் இந்துக் கோயில்களில் வாசிக்கக்கூடாது. தீட்டைக் காரணம் காட்டிப் பெண்களைத் திருச்சபைக் காரியங்களிலிருந்து விலக்கக்கூடாது. பறையர் நோயுற்றால் குரு அவர்கள் வீட்டுக்கே போய் அருட்சாதனம் கொடுக்கவேண்டும்.

சில பிரிவுகள் மூடத்தனத்தைத் தொட்டன, சில வெறும் வழக்கத்தைத் தொட்டன, கடைசியில் சொன்னது அநியாயத்தைத் தொட்டது. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டதுதான் அந்த ஆணையின் பலவீனம் என்று தோன்றுகிறது. அதன் விளைவு, நேற்றுவரை அறியாமையின் நிழலில் இருந்த பெண்ணின் கழுத்துத் தாலி, ஆணை வாசிக்கப்பட்ட கணத்தில் அறிந்த பாவமாயிற்று. தாலி மாறவில்லை, அவளும் மாறவில்லை. அவளுக்குத் தெரிந்தது மட்டுமே மாறியது. இயேசு சபையார் ரோமைக்கு முறையிட்டனர். வாதம் நாற்பது ஆண்டு நீண்டு, 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையோடு முடிந்தது. மறைப்பணியாளர்கள் இதையொட்டி எடுக்கவேண்டியிருந்த சத்தியப் பிரமாணம் 1940இல்தான் நீக்கப்பட்டது. இன்று பீடத்தின்முன் குரு மந்திரித்துக் கொடுக்கும் தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும்.

சுவர்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745 அக்டோபரில் ஒரு காட்சியைப் பதிவு செய்கிறது. புதுச்சேரியில் சம்பா கோயில் என்னும் தேவாலயத்துக்குள் வடபுறம் ஒரு சுவர். அதற்கு அப்பால் பறையர் கிறிஸ்தவர், இப்பால் சாதிக் கிறிஸ்தவர். ஒடுக்கப்பட்டவர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியார் கேர்துவிடம் முறையிட்டார்கள். தாங்களும் கிறிஸ்தவர்களாயிருக்க இந்தச் சுவர் எதற்கு என்பதே அவர்கள் கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது.

சாதி என்பது நாட்டு வழக்கமா, தெரிந்தே செய்யும் பாவமா என்ற சர்ச்சை புரொட்டஸ்டண்டு சபைகளையும் விடவில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதிப் பாகுபாட்டை உடனடியாகக் கைவிடும்படி சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மெல்ல மாறட்டும் என்று பொறுமை காத்த லைப்சிக் மிஷனிலிருந்து சாதிப் பிரச்சினையால் விலகிய கார்ல் ஆக்ஸ், 1860களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப் பணித்தளம் தொடங்கினார். பின்னர் டேனிஷ் மிஷன் அதை ஏற்க, ஆற்காடு லுத்தரன் திருச்சபை அங்கிருந்து வளர்ந்தது.

வெஸ்லியும் செய்யாமையும்

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அறிந்த கட்டளையை மனமிசைந்து மீறுவதையே சரியான பொருளில் பாவம் என்றார். அறியாப் பிழைகளுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் தேவை, ஆனால் அவற்றைப் பாவம் என்று அழைக்க அவர் தயங்கினார். மெதடிஸ்டுகள் வழியே இந்தக் கருத்து தமிழ்ப் பரிசுத்த இயக்கங்களுக்கு வந்தது. விசுவாச வழியிலிருந்து நழுவுவதைக் குறிக்கும் பெந்தெகொஸ்தே சபைகளின் 'பின்மாற்றம்' என்ற சொல்லில் அதன் எதிரொலி உண்டு.

நல்லதைச் செய்ய அறிந்தும் செய்யாமல் விடுவதையும் யாக்கோபு 4 பாவமாக எண்ணுகிறது. 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூல் பாவ அறிக்கை மன்றாட்டில் கடமையில் தவறியதையும் சேர்த்தது. திண்டிவனத்துக்கு இதில் ஓர் இடமுண்டு. 1890களின் தொடக்கத்தில் ஆற்காடு மிஷன் மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் அங்கே தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்து பிரசவ வேதனையில் துடித்த மனைவியரைக் காப்பாற்ற அழைத்தனர். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. அவருடைய தந்தைக்குத் தெரியும், ஆனால் ஆண் மருத்துவர் வீட்டுக்குள் வருவதைக் கணவன்மார் ஏற்கவில்லை. விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அன்றிரவு யார் செய்தது என்ன வகைக் குற்றம் என்று எந்தப் பட்டியலும் தெளிவாகச் சொல்லாது. ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி வேலூரில் மருத்துவமனை கட்டினார்.

அண்மைக் காலம்

1984இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட அறிவுரை மடல், தனியாள் பாவங்கள் சேர்ந்து இறுகிச் சமூகப் பாவமாவதைப் பேசியது. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம், சாதிப் பாகுபாடு மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று அவரே நேரில் கூறினார். இதற்குமேல் தெரியாது என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. 2008 மார்ச்சில் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தனர். அவ்வூர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.