இன்ப மையம் பிறந்த கதை

1953ஆம் ஆண்டு, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில், ஓர் எலியின் மூளைக்குள் செருகிய கம்பி குறி தவறியது. விழிப்பு நிலையை ஆளும் மூளைத்தண்டுப் பகுதிக்குப் போக வேண்டிய கம்பி, வெகுவாக முன்னே விலகி வேறோர் இடத்தில் போய் நின்றுவிட்டது. அந்தத் தவறிலிருந்து பிறந்ததுதான் ‘இன்ப மையம்’ என்ற கருத்து. இன்பத்தைத் தேடிப் போனால் வாழ்க்கை நிறைவடையுமா என்று காலங்காலமாகத் தத்துவவாதிகளும் துறவிகளும் கேட்டுவந்த கேள்வி, அன்றுமுதல் ஆய்வுக்கூடத்துக்கும் வந்தது.

அந்த ஆய்வின் பின்னால் இருந்தவர்கள் இரண்டு பேர். ஜேம்ஸ் ஓல்ட்ஸ், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த அமெரிக்கர். பீட்டர் மில்னர் இங்கிலாந்துக்காரர், மின்பொறியாளர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணு ஆராய்ச்சிப் பணிக்காகக் கனடா வந்து, பிறகு உளவியலுக்கு மாறியவர். இருவரையும் ஈர்த்தவர் பேராசிரியர் டொனால்ட் ஹெப். கற்றலையும் எண்ணத்தையும் நரம்பு செல்களின் கூட்டு இயக்கமாக விளக்கலாம் என்று 1949இல் நூல் எழுதியவர் அவர். எலியின் மண்டையில் துளையிட்டுக் கம்பி பொருத்தும் வேலையை ஓல்ட்ஸுக்குக் கற்றுக்கொடுத்தவர் மில்னர்.

மூளைத்தண்டில் மின்சாரம் செலுத்தி விழிப்பைக் கூட்டினால், எலி வேகமாகக் கற்குமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு முன்னால், மின்சாரம் எலிக்கு வேதனை தருகிறதா என்று தெரிய வேண்டும். ஓல்ட்ஸ் ஒரு பெரிய பெட்டிக்குள் எலியை உலவவிட்டார். குறிப்பிட்ட ஒரு மூலைக்கு அது போகும்போதெல்லாம் சிறிதளவு மின்சாரம் கொடுத்தார். வேதனையாக இருந்தால் எலி அந்த மூலைப் பக்கமே போகாது. ஆனால் இந்த எலி சற்று விலகிப் போய், உடனே திரும்பி வந்தது. மறுபடி மின்சாரம் பட்டதும் முன்னைவிட வேகமாக வந்தது. வேறு மூலையில் கொடுத்தால் அங்கே போய் நின்றது. ஒரு நாள் பட்டினி போட்டு, உணவு இருக்கும் பாதையில் விட்டு, நடுவழியில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எலி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. உணவுப் பக்கம் போகவே இல்லை.

அடுத்த கட்டமாக, மின்சாரத்தை எலியின் பொறுப்பிலேயே விட்டார்கள். கூண்டுக்குள் ஒரு விசை. அழுத்தினால் அரை வினாடி மட்டும் மூளைக்கு மின்சாரம் போகும். மறுபடி வேண்டுமென்றால் விட்டுவிட்டு மீண்டும் அழுத்த வேண்டும். கம்பி எந்த இடத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து, மணிக்குச் சில நூறு தடவையிலிருந்து 5,000 தடவைவரை எலிகள் அழுத்தின. சில எலிகள் மணிக்கு 2,000 தடவை வீதம் ஒரு முழு நாள் அழுத்திக் களைத்து விழுந்தன. விசையை அடைய, காலைச் சுடும் மின்கம்பி வலையைக்கூடத் தாண்டின. பசித்த எலி உணவுக்காகத் தாங்கும் வேதனையைவிட, இவை விசைக்காகத் தாங்கியது அதிகம்.

1954 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதற்கு முன்பே செய்தித்தாள்கள் ‘இன்பப் பகுதி’ கண்டுபிடிக்கப்பட்டதாகத் தலைப்பிட்டுவிட்டன. 1956இல் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் ஓல்ட்ஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘இன்ப மையங்கள்’ இடம்பெற்றன. அறிவுலகில் அது ஏற்படுத்திய அதிர்ச்சிக்குக் காரணம் உண்டு. பசி, தாகம், வலி ஆகியவற்றைத் தணித்துக்கொள்ளவே உயிர்கள் இயங்குகின்றன என்பதுதான் அன்றைய உளவியலில் ஓங்கியிருந்த கொள்கை. எந்தக் குறையையும் தீர்க்காத ஒன்றுக்காக ஓர் உயிர் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அந்த எலி காட்டிவிட்டது. அதற்குப் பெரும்பாலோர் சொன்ன விளக்கம் ஒன்றுதான்: எலி பேரின்பத்தில் திளைக்கிறது, அதனால்தான் விடமாட்டேன் என்கிறது.

அந்த விளக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது. ஆனால் இடறலும் கூடவே வந்தது. 1965இல் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் எலிகளுக்கு இரண்டு விசைகள் கிடைத்தன. ஒன்று உணவுக்கு, மற்றது மூளை மின்சாரத்துக்கு. சில எலிகள் அந்த ஒரு மணி நேரத்தையும் மின்சாரத்துக்கே செலவிட்டு, பட்டினியால் செத்தன. உயிரையே விலையாகக் கேட்கும் ஒன்றை இன்பம் என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா?

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் இன்னும் கசப்பானவை. நியூ ஆர்லியன்ஸ் நகரத் துலேன் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ராபர்ட் ஹீத், 1950களிலிருந்தே நோயாளிகளின் மூளையில் கம்பிகளைப் பொருத்தினார். நோயால் நொந்து கிடந்தவர்களைச் சோதனைப் பொருளாக்கிய அந்த வேலையை இன்றைய மருத்துவ அறம் ஒப்புக்கொள்வதில்லை, ஒப்புக்கொள்ளவும் கூடாது. 1972இல் வெளியான அறிக்கையில் வரும் ஒரு நோயாளி, மூன்று மணி நேரத்தில் 1,500 தடவைவரை பொத்தானை அழுத்தினார். கருவியை எடுத்தபோது வேண்டாம் என்று தடுத்தார். முன்பு இன்னொரு நோயாளி சொன்னது இதைவிட முக்கியம். ஏதோ ஓர் உச்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலவே தோன்றுகிறது, எவ்வளவு அழுத்தினாலும் எட்டுவதில்லை என்று அவர் எரிச்சலோடு சொன்னார்.

அந்த எரிச்சலுக்கு விளக்கம் கிடைக்க 1989 ஆக வேண்டியிருந்தது. அதற்குள் அந்த மையங்களோடு டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, அதற்கு ‘இன்ப ரசாயனம்’ என்று பெயர் கட்டிவிட்டார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் எலிகளின் மூளையில் டோபமைனைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்தார்கள். அந்த எலிகள் உணவைத் தேடவே இல்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் உணவுக்கு நடுவிலேயே பட்டினியால் செத்திருக்கும். ஆனால் வாய்க்குள் சர்க்கரைக் கரைசலை விட்டபோது, நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கின. இனிப்பைத் தொட்டு வைத்ததும் பச்சைக் குழந்தை செய்யும் அதே செய்கை. ருசி அப்படியே இருந்தது, ஆசைதான் செத்துப்போயிருந்தது.

இதற்கு நேர் எதிரான சோதனையை 1991இல் பெரிட்ஜும் எலியட் வாலன்ஸ்டைனும் வெளியிட்டார்கள். மூளையில் மின்சாரம் கொடுத்து எலிகளை ஆவேசமாகத் தின்ன வைத்தார்கள். தின்னும் அளவு கூடியது. ருசித்ததற்கான முக அடையாளம் கூடவில்லை. ஆக, ஒன்றை வேண்டி ஓடுவதற்கு மூளையில் ஓர் ஏற்பாடு, அதை அனுபவித்து ருசிப்பதற்கு இன்னோர் ஏற்பாடு. ஓட வைக்கும் ஏற்பாடு பெரியது, வலுவானது, டோபமைனால் இயங்குவது. ருசிக்க வைக்கும் இடங்களோ மிகச் சிறியவை. எலியின் மூளையில் அப்படி ஓர் இடத்தின் அளவு ஒரு கன மில்லிமீட்டர்தான். ஓல்ட்ஸின் எலி அழுத்திக்கொண்டே இருந்தது, இன்பம் கிடைத்துத் திளைத்ததால் அல்ல. இதோ, அடுத்த தடவை என்ற ஆசையை ஒவ்வொரு அழுத்தலும் புதிதாக மூட்டியதால்தான் என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம்.

இது எலியோடு நிற்கும் கதை அல்ல. பார்க்கின்சன் நோய்க்கு டோபமைனைப் போலச் செயல்படும் மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு, அதுவரை இல்லாத சூதாட்டப் பித்தும் கடைகடையாக வாங்கிக் குவிக்கும் பித்தும் வருவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள், அதில் சுகம் போய் வருஷக்கணக்கான பின்னும் அதைத் தேடி அலைவதற்கும் இந்தப் பிளவே காரணம் என்று 1993இல் ராபின்சனும் பெரிட்ஜும் எழுதினார்கள். பொரிகடலைப் பொட்டலத்துக்குள், ருசி மறந்துபோன பின்பும் கை தானாகப் போய்க்கொண்டிருப்பதை எல்லாரும் அறிவோம். இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் விரலும் அதே வேலையைத்தான் செய்கிறது. அடுத்தது என்னவோ என்ற ஏக்கத்தை ஓயாமல் மூட்டும்படியே சூதாட்டச் செயலிகளும் குறுங்காணொளிகளும் அமைந்திருக்கின்றன. விசை இப்போது நம் சட்டைப்பையில் இருக்கிறது.

அப்படியானால் இன்பத்தைத் துறந்துவிடுவதுதான் வழியா? அந்த முடிவுக்கும் ஆய்வு இடம் கொடுக்கவில்லை. 2018இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மார்கோ வென்னிரோவும் யவின் ஷாஹாமும் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு விசையை அழுத்தினால் ஹெராயின் அல்லது மெத்தாம்பெட்டமைன். இன்னொரு விசையை அழுத்தினால் கதவு திறக்கும். அந்தப் பக்கம் இன்னோர் எலி இருக்கும். ஏற்கனவே போதையில் ஊறியிருந்த எலிகள்கூடப் பெரும்பாலும் கதவைத்தான் தேர்ந்தெடுத்தன. கூண்டில் வேறு எதுவுமே இல்லாதபோது விடமுடியாததாக இருந்த போதை, துணை கிடைத்ததும் பிடி தளர்ந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கதவு திறக்க வெகுநேரமாகும்படி செய்தாலோ, அந்தத் தேர்வுக்குத் தண்டனை கிடைக்கும்படி செய்தாலோ, எலிகள் மறுபடி போதைக்கே திரும்பின.

இந்தக் கதையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். ஓல்ட்ஸின் கூண்டில் எலிக்கு ஒரே ஒரு விசை இருந்தது. அதனால் அதன் பலவீனம் மட்டுமே தெரிந்தது. நல்லதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் உயிர்கள் அதைத் தேர்ந்தெடுக்கும் என்று வென்னிரோவின் கூண்டு காட்டியது. அடிமைப்பட்டுக் கிடப்பவனைப் பார்த்து, இன்பத்துக்கு அலைகிறான் என்று ஏசுவது பொய்ப் பழி. அவன் இன்பத்தை இழந்து, ஆசை மட்டும் மிஞ்சிப்போனவன். அவனுக்குத் தேவை உபதேசம் இல்லை, சீக்கிரம் திறக்கும் கதவு.

இன்பத்தைத் தேடினால் நல்ல வாழ்க்கை கிடைக்குமா? தேடல் தன்னால் ஓடும். அது நம்மை இன்பத்தில் கொண்டு சேர்க்கும் என்ற உறுதி இல்லை. ருசி சின்னது, மெலிந்தது, நின்று கவனித்தால்தான் கிட்டும். ஆகவே எதற்காவது கை நீளும்போது, இது இன்னும் எனக்குப் பிடிக்கிறதா, அல்லது வேண்டும் என்று மட்டும்தான் தோன்றுகிறதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பிடிப்பவற்றை, குறிப்பாகப் பிடித்த மனிதர்களை, தள்ளிப்போடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதவைத் தட்டுபவர்களை வெகுநேரம் காக்க வைக்காதீர்கள்.